கடைமடைக்குப் போகாத தண்ணீர்: பெருந்தமனி, தண்டுவடம், வேலூர்

நெஞ்சிலோ வயிற்றிலோ ஓடுற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கு. வெடிச்சா உயிர் போயிடும். அதனால அறுவை சிகிச்சை செய்து, வீங்கின இடத்தில் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்கிறார்கள். ஆபரேஷன் நல்லபடியா முடியுது. நோயாளி கண் முழிக்கிறார், பேசுகிறார், வீட்டுக்காரங்களை அடையாளம் தெரியுது. ஆனா இரண்டு காலும் அசையல. முதுகில் யாரும் கத்தி வைக்கவே இல்லையே, கால் எப்படிப் போச்சு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனால் 350 வருஷத்துக் கதை ஒன்று வருகிறது. அதில் ஒரு பாதி டென்மார்க்காரர் ஒருவரிடம் தொடங்கி நியூயார்க், ஹூஸ்டன் என்று போகிறது. மறு பாதியின் முக்கியமான அத்தியாயம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில் நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் தாண்டி காட்பாடி. அந்த ரயில்களில் பெரிய ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை நம்ம ஊர்க்காரர்கள் எல்லோருமே பார்த்திருப்போம். அவர்கள் போவது வேலூர் சி.எம்.சி.க்கு என்பதும் தெரியும். ஆனால் பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு மையத்தை யார் கட்டினார், ஏன் கட்டினார் என்பது இந்த வட்டாரத்திலேயே பலருக்குத் தெரியாது. இரண்டு பாதியையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த டென்மார்க்காரர். நீல்ஸ் ஸ்டென்சன், லத்தீன் பெயர் ஸ்டீனோ. பாறை அடுக்குகளைப் படித்து நிலவியலுக்கு அடித்தளம் போட்டவர் என்று பள்ளிப் புத்தகத்தில் வருகிற அதே ஆள். உடற்கூறியலிலும் கெட்டிக்காரர். 1667-ல் தசைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. உயிருள்ள விலங்கின் உடலில், இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெருந்தமனியை நூலால் கட்டினார். பின்பகுதி முழுவதும் அசைவு நின்றது. முடிச்சைத் தளர்த்தினார். அசைவு திரும்ப வந்தது. கட்டும்போதெல்லாம் நின்றது, அவிழ்க்கும்போதெல்லாம் வந்தது.

தசைக்கு ரத்தம் போகாததால் தசை வேலை செய்யவில்லை என்றுதான் அன்றைக்குப் புரிந்துகொள்ள முடிந்தது. உண்மையில் முதலில் செத்தது தசை இல்லை. தசைக்கு உத்தரவு கொடுக்கிற தண்டுவடம். தசை பல மணி நேரம் ரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். நரம்புத் திசு நிமிஷக் கணக்கில்தான் தாங்கும். இது தெளிவாக இன்னும் இருநூறு வருஷம் ஆயிற்று.

தண்டுவடத்துக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதைப் பாலாற்றுப் பக்கத்து ஆளுக்குச் சொல்வது சுலபம். நீளமான ஒரு வயல்வெளியை நினைச்சுக்கோங்க. நடுவில் ஒரே ஒரு மெல்லிய வாய்க்கால் மேலிருந்து கீழே ஓடுது. தண்டுவடத்தின் முன்பக்கம் ஓடுகிற முன் தண்டுவடத் தமனி அதுதான். மேல் தலைப்பில் கழுத்துப் பக்கத்திலிருந்து நல்ல வரத்து உண்டு. ஆனால் அந்த வாய்க்கால் மிகவும் ஒல்லி, தலைப்பில் விட்ட தண்ணீர் கடைசி வரைக்கும் போய்ச் சேராது. அதனால் வழியில் அங்கங்கே பக்கவாட்டு மடைகள் திறக்கின்றன. பெருந்தமனியிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையே போகிற தமனிகள் வழியாக வருபவை அவை. கருவில் இருக்கும்போது எலும்புக்கு எலும்பு ஒரு மடை இருக்கும். பிறகு பெரும்பாலானவை தூர்ந்து, முன்பக்க வாய்க்காலுக்கு உருப்படியாக மிஞ்சுவது ஒரு சிலதான்.

அதில் பெரியது ஒன்று. போலந்து நாட்டுக்காரரான ஆல்பர்ட் ஆடம்கீவிச் 1880-களின் தொடக்கத்தில் தண்டுவட ரத்தக்குழாய்களை விரிவாக வரைந்து வெளியிட்டார். அந்தப் பெரிய மடைக்கு இன்றும் அவர் பெயர்தான். பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கத்தில், நெஞ்சு முதுகெலும்பின் கடைசிப் பகுதியிலோ இடுப்பு முதுகெலும்பின் தொடக்கத்திலோ உள்ளே நுழையும். நுழைந்ததும் கொண்டை ஊசி மாதிரி வளைந்து கீழே திரும்பும். ஆளுக்கு ஆள் இடம் மாறும் என்பதுதான் தலைவலி. கால்களை அசைக்கிற நரம்பணுக்கள் குவிந்திருப்பது தண்டுவடத்தின் இந்தக் கீழ்ப்பகுதியில். அதாவது கடைமடைப் பகுதியில். வரத்து குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே.

பெருந்தமனி வீக்கத்தை, அனியூரிசத்தை, சரிசெய்யும்போது என்ன நடக்கிறது? தைப்பதற்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தணும். அதனால் மேலே ஒரு கிளாம்ப். ஸ்டீனோ கட்டின அதே முடிச்சு, உலோகத்தில். தவிர, வீங்கின பகுதியிலிருந்து கிளம்புகிற விலாத் தமனிகளில் பலவற்றைத் தைத்து மூட வேண்டியிருக்கும். தற்காலிகமாகத் தலைமடையை அடைக்கிறோம், நிரந்தரமாகச் சில பக்க மடைகளை மூடுகிறோம். இரண்டும் ஒரே நாளில்.

எல்லா அனியூரிசத்துக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு இல்லை, பயந்துவிட வேண்டாம். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே வயிற்றில் வருகிற வீக்கம்தான் அதிகம் பேருக்கு வருவது. அதைச் சரிசெய்யும்போது கால் செயலிழப்பது ஆயிரத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான். நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்ட வீக்கமாக இருந்தால்தான் கணக்கு மாறுகிறது.

இந்த ஆபத்தை முதலில் சரியாக அடையாளம் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான அலெக்சிஸ் காரெல். ரத்தக்குழாய்களை ஒன்றோடொன்று தைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1912-ல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1910-ல், நாய்களில் நெஞ்சுப் பெருந்தமனியை அறுத்துத் தைத்த அனுபவத்தை எழுதும்போது, இந்த அறுவையில் பெரிய ஆபத்து இதயத்திலிருந்தோ பெருந்தமனியிலிருந்தோ வருவதில்லை, நரம்பு மண்டலத்திலிருந்துதான் வருகிறது என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். மனிதர்களில் யாரும் இந்த அறுவையைச் செய்துபார்ப்பதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் முன்னாடி!

மனிதர்களில் தொடங்கியது 1944-ல். ஸ்வீடனில் கிராஃபோர்ட், பிறகு 1945-ல் பாஸ்டனில் கிராஸ், பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் சுருங்கியிருக்கும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் சுருக்கத்தை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். நெஞ்சுப் பெருந்தமனியைக் கிளாம்ப் போட்டும் கால் போனவர்கள் மிகக் குறைவு, ஆயிரத்துக்கு நாலு பேர் அளவுதான் என்று பிறகு எண்ணிப் பார்த்தார்கள். காரணம் சுவாரசியமானது. இவர்களுக்குப் பிறப்பிலிருந்தே தலைமடை பாதி அடைப்பு. உடம்பு வருஷக்கணக்கில் மாற்று வாய்க்கால்களை வெட்டி வைத்திருந்தது. கிளாம்ப் போட்டபோது அவை காப்பாற்றின. இந்தச் செய்தியின் முழு அர்த்தம் அன்றைக்கு யாருக்கும் பிடிபடவில்லை. கீழே திரும்ப வருகிறேன்.

1951-ல் பாரீசில் டுபோஸ்ட் வயிற்று அனியூரிசத்தை எடுத்துவிட்டு, இறந்தவரின் தமனியை வைத்துத் தைத்தார். இறந்தவர் தமனிக்கு எங்கே போவது? ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி ஒரு துணிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். இல்லை, டேக்ரான்தான் இருக்கு என்றார்கள். வாங்கிவந்து வீட்டில் மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். அவருக்குத் தையல் சின்ன வயதில் அம்மா கற்றுக்கொடுத்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். உலகம் முழுக்க இன்றைக்கும் பெருந்தமனிக்கு வைக்கிற குழாய் அந்தப் பாலியஸ்டர் துணியின் வம்சம்தான்.

1950-களின் நடுவில் நெஞ்சு-வயிற்றுப் பெருந்தமனியையே மாற்றும் துணிச்சல் வந்தது. கூடவே காரெல் சொன்ன ஆபத்தும் வந்தது. அப்போதைக்கு இருந்த ஒரே பாதுகாப்பு வேகம். கிளாம்ப் அரை மணி நேரத்தைத் தாண்டினால் தண்டுவடத்துக்கு ஆபத்து கிடுகிடுவென ஏறும் என்பது அனுபவத்தில் தெரிந்தது. அதனால் கை வேகமுள்ள சர்ஜனிடம் போனவர்களுக்குக் கால் பிழைத்தது.

ஹூஸ்டனைச் சேர்ந்த ஸ்டான்லி கிராஃபோர்ட் (ஸ்வீடன்காரர் இல்லை, இவர் வேறு) இந்த அறுவையை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். இந்த வீக்கங்களை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வகை பிரித்தது அவர்தான். இன்றும் ஆஸ்பத்திரிகளில் அவர் பெயரால்தான் வகை சொல்கிறார்கள். 1960 முதல் 1991 வரை செய்த 1,509 நோயாளிகளின் கணக்கை அவர் குழுவினர் 1993-ல் வெளியிட்டார்கள். கால் செயலிழப்போ பலவீனமோ வந்தவர்கள் 16 சதவீதம். இடது தோள் பக்கத்திலிருந்து அடிவயிறு வரை நீண்ட இரண்டாம் வகை வீக்கத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். உலகிலேயே அதிக அனுபவமுள்ள கைகளில் இந்த எண்ணிக்கை. மறைக்காமல் வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வேகம் மட்டும் போதாது என்றால் வேறென்ன செய்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு வருகிறது. ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். தண்டுவடம் மூடிய எலும்புக் குழாய்க்குள் இருக்கிறது. அதைச் சுற்றித் தண்டுவட நீர் இருக்கிறது. ரத்தம் உள்ளே நுழையணும்னா அந்த நீரின் அழுத்தத்தை எதிர்த்துத்தான் நுழையணும். ஆக, தண்டுவடத்துக்குக் கிடைக்கிற அழுத்தம் என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தண்டுவட நீரின் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. உதாரணத்துக்கு, 90-லிருந்து 10 போனால் 80. தாராளம். கிளாம்ப் போட்டதும் கீழே ரத்த அழுத்தம் 30-க்கு விழுகிறது, மேலே அழுத்தம் எகிறுவதால் தண்டுவட நீரின் அழுத்தம் 20-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 10. வயல் காய ஆரம்பித்துவிட்டது.

கழித்தல் கணக்கில் விடையைக் கூட்ட இரண்டு வழி. மேலே உள்ள எண்ணை ஏற்றலாம், கீழே உள்ளதை இறக்கலாம். மேலே உள்ளதை ஏற்ற, இதயத்தின் இடது மேலறையிலிருந்து ரத்தத்தை எடுத்து ஒரு பம்ப் வழியாகத் தொடைத் தமனிக்கு அனுப்பினார்கள். கிளாம்ப்புக்குக் கீழேயும் ஓட்டம் இருக்கும். கீழே உள்ளதை இறக்க, இடுப்பு முதுகில் ஊசி போட்டு மெல்லிய குழாய் வைத்து தண்டுவட நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடுவது. நாய்களில் இது பலன் தருவதை 1960-லும் 1962-லும் இரண்டு குழுக்கள் காட்டிவிட்டன.

ஆனால் மனிதர்களில் முறையாகச் சோதித்தபோது வழுக்கியது. 98 நோயாளிகளை வைத்து கிராஃபோர்ட் குழு நடத்திய சோதனை 1991-ல் வெளியானது. நீர் வடித்தவர்களுக்கும் வடிக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய முப்பது சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு. முடிந்தது, இந்த முறை உதவாது என்று பலர் எழுதிவிட்டார்கள். அந்தச் சோதனையில் வடித்த அளவுக்கு 50 மில்லி உச்ச வரம்பு வைத்திருந்தார்கள். வடித்ததும் அறுவை நேரத்தில் மட்டும். பாத்திரத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்போது ஒரு டம்ளர் மொண்டு ஊற்றிவிட்டு நிறுத்தின மாதிரி.

கிராஃபோர்டிடம் வேலை பழகிய ஜோசப் கொசெல்லி அதையே வேறு விதமாகச் செய்தார். இத்தனை மில்லி என்று கணக்கு வைக்காமல், அழுத்தம் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அறுவை முடிந்த பிறகும் இரண்டு நாள் வடித்தார். 145 பேர். 2002-ல் முடிவு வந்தது. வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கால் பாதிப்பு, வடித்தவர்களில் 2.6 சதவீதம். ஒரே ஊர், ஒரே யோசனை, நடுவில் பதினோரு வருஷம். ஒரு சிகிச்சை தோற்றது என்று படிக்கும்போது, எந்த அளவில், எத்தனை நேரம் கொடுத்துத் தோற்றது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கட்டுரைகளைப் படித்த பிறகு வந்தது.

வடிப்பதிலும் ஆபத்து உண்டு. அவசரப்பட்டு அதிகம் வடித்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்கி, மேலே உள்ள சிரைகள் இழுபட்டுக் கிழிந்து மண்டைக்குள் ரத்தக்கசிவு ஆகலாம். அதனால் மணிக்கு 10, 15 மில்லிக்கு மேல் விடாமல் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

உடம்பைக் குளிரவைப்பது, முக்கியமான விலாத் தமனிகளைச் செயற்கைக் குழாயில் திரும்பத் தைத்து இணைப்பது, மண்டையில் மின்தூண்டல் கொடுத்துக் கால் தசைக்குச் செய்தி வருகிறதா என்று அறுவை நடக்கும்போதே பார்ப்பது என்று இன்னும் பல உண்டு. ஸ்டீராய்டு முதலான மருந்துகள் மேல் வைத்த நம்பிக்கை மட்டும் பெரிதாகப் பலிக்கவில்லை.

1990-களில் நெஞ்சைத் திறக்காமலே தொடை வழியாக ஸ்டென்ட் குழாய் நுழைக்கும் முறை வந்ததும், கிளாம்ப் இல்லை, இனிமேல் கால் போகாது என்று நினைத்தார்கள். ஆபத்து குறைந்தது, ஒழியவில்லை. ஸ்டென்ட் துணி உள்சுவரை மூடும்போது பக்க மடைகள் எல்லாம் ஒரே நொடியில் அடைபடுகின்றன, திரும்ப இணைக்கவும் முடியாது. அப்படியும் பெரும்பாலானவர்களுக்குக் கால் நன்றாகவே இருந்தது. ஏன்? நியூயார்க்கில் கிரீப் குழுவினர் இதைத் துருவினார்கள். ஆடம்கீவிச் தமனி என்ற ஒற்றை மடையை மட்டுமே நம்பித் தண்டுவடம் வாழவில்லை. முதுகுத் தசைகளுக்குள், எலும்பைச் சுற்றி, இடுப்பு வரைக்கும் நுண்குழாய் வலை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்கணும். பிறவிச் சுருக்கம் உள்ள குழந்தைகள் 1945-லேயே காட்டியது இதைத்தான்! அதனால் இப்போது பெரிய வீக்கங்களை முடிந்தவரை இரண்டு கட்டமாக, இடையில் சில வாரம் விட்டுச் செய்கிறார்கள். நடுவில் உடம்பு தன் வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் விட வீட்டு ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கால் போவது எப்போதும் அறுவை மேஜையிலேயே நடப்பதில்லை. நோயாளி கண் முழித்து, இரண்டு காலையும் தூக்கிக் காட்டி, எல்லோரும் நிம்மதியான பிறகு, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கால் கனக்கும், மரத்துப்போகும், தூக்க முடியாமல் ஆகும். பல சமயம் அதற்குச் சற்று முன் ரத்த அழுத்தம் விழுந்திருக்கும். மூடின மடைகளுக்குப் பதில் வலை தயாராகிக்கொண்டிருக்கும் காலம் அது. அந்த நேரத்தில் அழுத்தம் குறைந்தால் கடைமடை காய்ந்துவிடும்.

நல்ல செய்தி, இந்தத் தாமதமாக வரும் செயலிழப்பில் பலருக்கு, உடனே கண்டுபிடித்தால் கால் ஓரளவுக்கோ முழுசாகவோ திரும்புகிறது. அதே கழித்தல் கணக்குதான். மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறார்கள், தண்டுவட நீரை வடிக்கிறார்கள், ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் ரத்தம் ஏற்றுகிறார்கள், ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். இது மணிக்கணக்கு விஷயம். ஐ.சி.யூ.வில் நர்ஸ் ஒவ்வொரு மணிக்கும் வந்து "காலைத் தூக்குங்கய்யா, விரலை ஆட்டுங்கம்மா" என்று கேட்பது வெறும் சடங்கு இல்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு கால் ஒரு மாதிரி இருக்குன்னு அப்பா சொன்னா, படுத்துப் படுத்து மரத்திருக்கும்னு நாமே சமாதானம் சொல்லிக்கக் கூடாது. அந்த நிமிஷமே சொல்லணும். பிரஷர் மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடங்குவதா என்று டாக்டரிடம் கேட்பதும் தப்பில்லை.

குடியாத்தம் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அனியூரிசம் வருவதற்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களில் முதலிடம் புகைக்கு. பீடியும் அதில் சேர்த்தி.

சரி. அத்தனையும் செய்தும் கால் திரும்பாதவர்கள்?

அறுவை சிகிச்சைக் கட்டுரைகளில் இவர்கள் ஒரு அட்டவணைக் கட்டமாக முடிந்துவிடுகிறார்கள். முப்பது நாள் கழித்து உயிரோடு இருக்கிறாரா, கால் செயலிழப்பு உண்டா இல்லையா. உண்டு என்றால் ஒரு எண் கூடும். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கே போனார், எப்படிக் குளித்தார், என்ன வேலை செய்தார்? அந்தக் கேள்விகள் வேறொரு துறையின் கட்டுரைகளில்தான் கிடைக்கின்றன. அந்தத் துறை பிறந்ததே தனிக்கதை.

முதல் உலகப் போர் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரம், சில மாதத்தில் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயம் இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் ஒரு பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப் பையைச் சுத்தமாகக் காலி செய்வது, சீக்கிரம் உட்காரவைப்பது, வேலை பழக்குவது. புது மருந்து எதுவும் இல்லை, பிடிவாதம்தான். 1948-ல் அவர் தொடங்கிய சக்கர நாற்காலி விளையாட்டுப் போட்டிதான் பிறகு பாராலிம்பிக்ஸ் ஆனது.

இது வேலூருக்கு வந்தது ஒரு விபத்தால்.

மேரி வர்கீஸ் கொச்சிக்காரர். 1925-ல் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து, மகளிர் மருத்துவத்தில் மேல் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 1954 ஜனவரி 30-ஆம் தேதி, சக மருத்துவர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. முகத்தில் பலத்த காயம், தண்டுவடம் சேதம், இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயிற்று. வயது 29-ஐத் தொடவில்லை.

அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படி ஒருவருக்குச் செய்வதற்கு என்று தனி இடமே கிடையாது. நரம்பியல் துறை வேலூரில் இருந்தது, 1949-ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது, நாட்டிலேயே முன்னோடி. ஆனால் உயிர் பிழைத்த பிறகு? அங்கேதான் பால் பிராண்ட் வருகிறார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். அவர் மேரியிடம் சொன்ன யோசனை எளிமையானது. கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே. மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்தார்.

யோசிச்சுப் பாருங்க. 1950-களின் தமிழ்நாடு. ஊருக்குள்ளே விடாத நோயாளி மேஜையில். காலை அசைக்க முடியாத பெண் டாக்டர் கத்தியோடு எதிரில். இரண்டு பேரையுமே "இனி இவர்களால் என்ன" என்று ஊர் எழுதிவிட்டிருந்தது.

பிராண்டின் இன்னொரு கண்டுபிடிப்பும் இந்தக் கதைக்குள் வரவேண்டியது. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டு, அழுந்திப் புண்ணாகிப் போகின்றன என்று அவர் காட்டினார். உணர்வில்லாத பாதத்துக்கு மெத்தென்ற அடித்தளம் உள்ள எம்.சி.ஆர். செருப்பு வந்தது இந்தப் புரிதலால்தான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிற அதே செருப்பு. கால் செயலிழந்தவரின் படுக்கைப் புண்ணும் அதே வழியில் வருவதுதான். நாம் நாற்காலியில் அரை மணி நேரத்தில் பத்துத் தடவை நம்மை அறியாமல் அசைகிறோம், வலி அசைக்கிறது. அந்த வலி இல்லாதவர் கடிகாரத்தைப் பார்த்து அசைய வேண்டும். கரிகிரி தொழுநோய் மையமும் பாகாயம் மறுவாழ்வு மையமும் ஒரே வட்டாரத்தில் அமைந்ததை என்னால் தற்செயல் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்று, கால்களில் காலிப்பர் மாட்டி நிற்கவும், தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளவும் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே முறையாகப் படித்தார். திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி.யின் அந்தத் துறைக்குத் தலைவர் ஆனார். 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த வகையில் முதலாவது என்று சி.எம்.சி. அதைக் குறிப்பிடுகிறது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

வேலூர் சி.எம்.சி. தன் முதல்களின் பட்டியலில் 1961-ன் திறந்த இதய அறுவையையும் சேர்த்திருக்கிறது. நெஞ்சைத் திறக்கும் துணிச்சலும், அதற்குப் பிறகு நாற்காலியில் வாழக் கற்றுக்கொடுக்கும் பொறுமையும் ஐந்தே வருஷ இடைவெளியில் ஒரே ஊரில் கிடைத்தன. உலகத்தில் அதிக ஊர்களுக்கு இது வாய்க்கவில்லை.

பெருந்தமனி அறுவைக்குப் பிறகு கால் இழந்தவருக்கும் விபத்தில் இழந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. விபத்தில் அடிபடுகிறவர் பெரும்பாலும் இளைஞர், மரத்திலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்தவர். இவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர், இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாமே ஏற்கெனவே பலவீனம். நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்ட தையல் இருப்பதால் கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் விழாமல் மெதுவாகத்தான் உட்காரவைக்க முடியும். பெரும்பாலும் காய்வது முன்பக்க வாய்க்காலின் பாசனப் பகுதி என்பதால் அசைவும், வலியும், சூடு-குளிர் உணர்வும் போகும். ஆனால் கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு மிஞ்சியிருக்கலாம், அது வேறு நரம்புப் பாதை, அதற்கு வரத்தும் வேறு. சூடு தெரியாத கால் என்பதை வீட்டில் யாராவது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடணும்.

மற்றபடி பாடம் அதேதான். புரட்டிப் படுக்கவைப்பது முதல் நாளே தொடங்கணும், கால் திரும்புதா பார்ப்போம்னு காத்திருந்தா அதற்குள் முதுகின் கீழே புண் வந்துவிடும். சிறுநீருக்கு நிரந்தரக் குழாய்க்குப் பதில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைத் தானே விட்டு எடுத்துக்கொள்ளும் முறையை 1972-ல் லாப்பிடெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். கிருமி நீக்கிய குழாய்கூட வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவினால் போதும் என்றார், பலர் நம்பவில்லை. சிறுநீரகங்களை அது காப்பாற்றியது. ஓட்டு வீட்டில், கிணற்றடியில் செய்யக்கூடிய சிகிச்சை என்பதால் நம்ம ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசற்படியை இடித்துச் சரிவாக்குவதும், கக்கூஸ் கதவை அகலப்படுத்துவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான். அதற்கு ஆகிற செலவை எந்த அறுவைச் செலவுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் "கால் செயலிழப்பு ஏற்படலாம்" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுகிறவர் அந்த வரியில் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்கலாம். எனக்கு இருக்கிற வீக்கத்துக்கு அந்த ஆபத்து எவ்வளவு? அப்படி ஆனால் எந்த மறுவாழ்வுப் பிரிவுக்கு, எத்தனையாவது நாளில் அனுப்புவீர்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான எண் கிடைக்கும். இரண்டாவதற்கு என்ன பதில் வருகிறது என்று கவனியுங்கள்.

பாகாயத்தில் வருஷம் ஒருமுறை ரீஹாப் மேளா நடக்கிறது. அங்கே தங்கிச் சிகிச்சை பெற்று வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கூடுகிறார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கு, தோலில் எங்காவது சிவந்திருக்கா, நாற்காலிச் சக்கரம் சரியா ஓடுதா என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு விளையாட்டுப் போட்டி.